மலை வெயிலா, சேலத்து வெயிலா, கூடாரமா, உலர்த்தியா? மிளகின் மணம் போகாமல் காயவைக்க ஓர் ஒப்பீடு

ஏற்காட்டில் காபி அறுவடை ஓய்ந்து களம் காலியாகிற நேரத்தில் மிளகு இறங்கத் தொடங்கும். தை கடைசியிலிருந்து பங்குனி வரை, மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாய்ந்தபடியே இருக்கும். பறித்த மிளகைக் காயவைக்க இப்போது நாலு வழி இருக்கிறது: மலையிலேயே களத்து வெயில், வண்டியில் இறக்கிச் சேலத்து வெயில், பாலித்தீன் போர்த்திய சூரியக் கூடாரம், விறகிலோ மின்சாரத்திலோ ஓடும் உலர்த்தி. எது மலிவு என்றால் உடனே சொல்லிவிடலாம். எது மணத்தைக் காப்பாற்றும் என்றால், மிளகுக்குள் எது போகிறது, எது தங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

காரம் தங்கும், மணம்தான் போகும்

மிளகின் காரம் பைப்பரின் என்ற பொருளால் வருவது. அது ஆவியாகிற சரக்கு அல்ல. களத்தில் ஆறு நாள் காய்ந்தாலும் உலர்த்தியில் ஒரே நாளில் காய்ந்தாலும் முழு மணிக்குள் இருக்கும் காரம் பெரிதாக மாறாது. ஆகவே ஒரு மணியைக் கடித்து, "சுள்ளென்று இருக்கிறதே, நல்லாத்தான் காய்ந்திருக்கிறது" என்று முடிவு கட்டுவது தப்பான சோதனை.

மணம் வேறு கதை. அது வாசனை எண்ணெயில் இருக்கிறது. காய்ந்த மிளகு 100 கிராமில் சுமார் 2 முதல் 4 மில்லி வரை அந்த எண்ணெய் இருக்கும். அதிலும் இரண்டு பங்கு உண்டு. பைனீன், சேபினீன், லிமோனீன் போன்ற இலேசானவை எலுமிச்சைத் தோலும் ஊசியிலை மரமும் கலந்த மாதிரி மூக்கில் முதலில் ஏறுபவை. கேரியோஃபில்லீன் போன்ற கனமானவை பின்னால் வரும் மரவாசனையையும் கிராம்புச் சாயலையும் தருபவை. இலேசானவைதான் முதலில் ஓடும். அவற்றின் கொதிநிலை 150 டிகிரிக்கு மேல் என்றாலும், நீராவி எழும்போது அதோடு சேர்ந்து அதைவிடக் குறைந்த சூட்டிலேயே கிளம்பிவிடும். தைலம் வடிக்கிறவர்கள் செய்வதும் இதைத்தான். ஈரமும் சூடும் ஒன்றாகச் சேர்ந்தால் உங்கள் உலர்த்தி ஒரு தைல அடுப்பாகிவிடுகிறது. வடிந்ததைப் பிடிக்கத்தான் பாத்திரம் இல்லை.

வீட்டிலேயே செய்துபார்க்கலாம். இரண்டு முறையில் காய்ந்த மிளகில் பத்துப் பத்து மணி எடுத்து, தனித்தனியாகச் சிறு உரலில் ஒரே தட்டில் உடைத்து, உடனே முகர்ந்து பாருங்கள். நல்ல மிளகில் முதல் மூச்சிலேயே கண் ஓரம் குளிர்கிற மாதிரி ஒரு பசுமை நெடி ஏறும். பத்து நிமிடம் விட்டு மறுபடி முகர்ந்தால் மரவாசனை மட்டும் நிற்கும். அதிகச் சூட்டில் காய்ந்த மிளகு முதல் மூச்சிலேயே அந்த மரவாசனையோடுதான் தொடங்கும். முன்பாதி காணாமல் போயிருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். மிளகின் கறுப்பு வெயில் சுட்டதால் வருவதில்லை. தோலில் இருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து பச்சையைக் கறுப்பாக்குகிறது. வெட்டிய கத்தரிக்காய் கறுக்கிற மாதிரி. அந்த நொதி வேலை செய்ய ஈரமும் கொஞ்சம் நேரமும் வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கடுஞ்சூடு கொடுத்தால் நொதி செத்து மிளகு பழுப்பாக நின்றுவிடும். நேரத்தை நீட்டிக்கொண்டே போனால் பூசணம் முந்திக்கொள்ளும். நாலு வழிகளும் இந்த இரண்டு எல்லைக்கு நடுவில்தான் வேலை செய்கின்றன.

64 லிட்டர் தண்ணீர்

பச்சை மிளகில் 65 முதல் 70 சதவீதம் தண்ணீர். 68 என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவில் திடப்பொருள் 32 கிலோ. அதை 11 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் 36 கிலோ மிளகு நிற்கும். மீதி 64 லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தாலும் காசு செலவாவது இந்த 64 லிட்டருக்காகத்தான்.

எங்கே நிறுத்துவது என்பதும் காசுதான். 11 சதவீதத்தில் 100 கிலோ இருக்கும் மிளகை அசட்டையாக விட்டு 8 சதவீதம் வரை காயவைத்தால் 97 கிலோதான் தேறும். மூன்று கிலோ எடை போனதோடு, அந்தக் கடைசி ஈரத்தை விரட்டும்போது மணமும் சேர்ந்து போகிறது. மறுபக்கம் உணவுப் பாதுகாப்பு விதி முழு மிளகுக்கு 13 சதவீத ஈரம் வரைதான் அனுமதிக்கிறது. அதற்கு மேல் மூட்டை கட்டினால் பூசணத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. 10 முதல் 12 வரை நிறுத்துவதே சரி.

வழி எதுவானாலும் முதல் நாள் வேலை ஒன்றே

காயவைப்பதில் வரும் குறைகளில் பாதி களத்துக்கு வரும் முன்பே நடந்துவிடுகின்றன. கதிரில் ஒன்றிரண்டு மணி ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ திரும்பியதும் பறிக்க வேண்டும். அதற்கு முன் பறித்தால் மணி உள்ளீடு இல்லாமல் சுருங்கி, லிட்டர் எடை இறங்கும். நன்றாக விளைந்த மிளகு லிட்டருக்கு 550 கிராமுக்குக் குறையாமல் நிற்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் வாங்குகிறவர்கள் கையில் அள்ளிப் பார்ப்பதே இந்தக் கனத்தைத்தான்.

பறித்த கதிரைச் சாக்கில் இறுக்கிக் கட்டி இரவு முழுக்க வைப்பது பெரிய தப்பு. பச்சை மிளகு மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும்; சாக்கின் நடுவில் கை விட்டால் சூடு தெரியும். காலையில் தோல் கொழகொழத்து, புளித்த வாடை வந்துவிட்டால் பிறகு எந்த உலர்த்தியும் அதை எடுக்காது. மாலையிலேயே பரப்பி, மறுநாள் உதிர்த்துவிடுங்கள். காலால் மிதிப்பதைவிட உதிர்க்கும் இயந்திரம் நல்லது. ஆனால் உருளைக்கும் சல்லடைக்கும் உள்ள இடைவெளி மணியின் பருமனுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். பன்னியூர்-1 ரகத்தின் மணி பெரிது, கரிமுண்டா ரகத்தினுடையது சிறிது. ஒன்றுக்கு வைத்த அளவில் இன்னொன்றை ஓட்டினால் தோல் கிழியும். வாசனை எண்ணெய்ப் பைகளில் பெரும்பங்கு தோலை ஒட்டி இருப்பதால், கிழிந்த மணி காயும்போதே மணத்தைச் சிந்திவிடும்.

அடுத்தது வெந்நீர் முக்கு. இதைச் செய்யாமல் விடுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். செலவு கொஞ்சம் விறகு, பலன் பெரிது. ஓட்டை போட்ட அலுமினியக் கூடையில் 10 கிலோ மணியைப் போட்டு, தளதளவென்று கொதிக்கும் 40 லிட்டர் தண்ணீரில் 1 நிமிடம் முக்கி எடுங்கள். தோலின் மெழுகுப் படலம் விட்டுப்போவதால் தண்ணீர் சீக்கிரம் வெளியேறும். தோலின் செல்கள் உடைந்து நொதி வேகமாக வேலை செய்வதால் ஒரே சீரான, பளபளப்பான கறுப்பு வரும். மேலே ஒட்டிய தூசியும் கிருமியும் குறையும். வெயிலில் ஆறு நாள் கேட்பது மூன்று, நான்கு நாளில் முடியும். மூன்று, நாலு நிமிடம் விட்டால் நொதியே வெந்துபோய் மிளகு பழுப்பாகும், எண்ணெயும் தண்ணீரில் இறங்கும். கூடையில் 20 கிலோ திணித்தால் தண்ணீர் கொதி அடங்கி, மேல் பாதி வேகாமலும் அடிப் பாதி வெந்தும் வரும். தண்ணீர் கலங்கிக் கறுத்ததும் மாற்றிவிடுங்கள்.

மலைக் களம்

செலவில்லாத வழி இது. காபிக்குப் போட்ட சிமெண்டுக் களமே போதும். 100 கிலோ பச்சை மிளகுக்கு 10 சதுர மீட்டர், ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் கனத்தில். மணிக்கு ஒரு முறை மரப்பலகையால் இழுத்துப் புரட்ட வேண்டும். களத்தில் காபித் தோல் ஒட்டியிருந்தால் கழுவிக் காயவிட்ட பிறகே மிளகைக் கொட்டுங்கள். சாணி மெழுகிய தரை வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் கிருமி மிளகின் சுருக்கத்துக்குள் போய் உட்கார்ந்தால் புடைத்தாலும் தூற்றினாலும் போகாது.

மணத்தைப் பொறுத்தவரை மலை வெயில் மென்மையானது. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் மாசி மாதத்து உச்சி வெயில்கூட மிளகைச் சுட்டுவிடாது. நாலு நாள் தொடர்ந்து நல்ல வெயில் கிடைத்தால் மலைக் களத்தில் காய்ந்த மிளகின் மணம் மற்ற எதற்கும் குறைந்ததல்ல. இதை அடித்துச் சொல்லலாம்.

சிக்கல் இரவில் வருகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கே காற்று குளிர்ந்து ஈரமேறும். விடியலில் நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் பனிமூட்டம் ஒன்பது மணி வரை விலகாத நாட்கள் உண்டு. பகலெல்லாம் விட்ட ஈரத்தில் ஒரு பங்கை மிளகு இரவில் திரும்பக் குடித்துவிடும். ஆறு நாள் வேலை எட்டு, பத்து நாளாக இழுப்பது இதனால்தான். இரண்டாவது இரவுக்குள் ஈரம் பாதியாக இறங்கவில்லையென்றால், காம்பு விட்ட குழியில் வெள்ளை நூல் போலப் பூசணம் கட்டும். வெயில் வந்ததும் அது உதிர்ந்து கண்ணுக்கு மறையும்; ஆனால் மிளகை உடைத்தால் பழைய கோணிச் சாக்கின் வாடை அடிக்கும். பங்குனி பிறந்து கோடை மழை இரண்டு நாள் இறங்கிவிட்டால் களத்தை மட்டும் நம்பியவர்களுக்குத் தூக்கமே இருக்காது.

களத்தைத்தான் நம்புகிறீர்கள் என்றால் இரவு மூடுவதில் கவனம் வையுங்கள். முதல் இரவு குவிக்காதீர்கள். ஈரம் அதிகமாக இருப்பதால் குவியல் சூடாகும். கூரைக்குக் கீழே இரண்டு அங்குலக் கனத்தில் பரப்பியே விடுங்கள். இரண்டாம் இரவிலிருந்து, களத்துச் சூடு இருக்கும்போதே, நாலரை மணிக்குள் குவித்து முதலில் சாக்குத் துணியும் அதன்மேல் தார்ப்பாயும் போட வேண்டும். தார்ப்பாயை நேராக மிளகின்மேல் போட்டால் காலையில் அடிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்து, அந்தத் தண்ணீர் திரும்ப மிளகிலேயே சொட்டும்.

சேலத்துக்கு இறக்கிக் காயவைப்பது

சேலம் ஏற்காட்டைவிட 1,200 மீட்டருக்கு மேல் தாழ்வு. அந்த ஒரு காரணத்தாலேயே ஏழெட்டு டிகிரி சூடு கூடுதல். ஆனால் கீழே இறக்குவதன் உண்மையான லாபம் இரவில் இருக்கிறது. மாசி, பங்குனியில் சமவெளி இரவு உலர்ந்து கிடக்கும். பகலில் விட்ட ஈரத்தை மிளகு திரும்பக் குடிப்பதில்லை. வெந்நீரில் முக்கிய மிளகு மூன்று நாளில் முடிந்துவிடும்.

நட்டம் இரண்டு. ஒன்று, ஒரு கிலோ மிளகுக்காக மூன்று கிலோ பச்சையை 20 கொண்டை ஊசி வளைவு வழியாக இறக்குகிறீர்கள். டன்னுக்கு 640 லிட்டர் தண்ணீருக்கும் வண்டி வாடகை தருகிறீர்கள். இரண்டு, மொட்டை மாடியும் கறுப்புத் தார்ப்பாயும். சேலத்து உச்சி வெயிலில் வெறுங்காலோடு மாடியில் நிற்க முடியாத சூட்டில், அடியில் கிடக்கும் மணி காற்றின் சூட்டைவிட வெகு அதிகமாகச் சுடும். கடைசி நாள்தான் மோசம். ஈரம் இருக்கும்வரை தண்ணீர் ஆவியாகி மணியைக் குளிர்த்திக்கொண்டிருக்கும். ஈரம் இறங்கியபின் அந்தக் காவல் போய், மணியே தரையின் சூட்டுக்கு ஏறிவிடும். மணம் கொட்டிப்போவது அப்போதுதான். மூன்றாம் நாள் பன்னிரண்டு முதல் மூன்று வரை நிழல்வலை கட்டுங்கள், அல்லது மூங்கில் பாயின்மேல் பரப்புங்கள். நகரத்து மாடியில் தூசியும் புறாவும் வேறு. வலை இல்லாமல் பரப்பாதீர்கள்.

இதில் நடுவழி ஒன்று உண்டு, சின்னத் தோட்டங்களுக்கு அதுவே பொருத்தம். முதல் இரண்டு நாள் மலையிலேயே காயவையுங்கள். 100 கிலோ 50 கிலோவுக்கு இறங்கியதும் ஈரம் 35 சதவீத வாக்கில் இருக்கும், கறுப்பும் ஏறியிருக்கும். அதைக் காலையிலேயே கீழே கொண்டுபோய் ஒன்றரை நாளில் முடித்துவிடலாம். வண்டிச் சுமை பாதி, கடைசிக் காய்ச்சல் உறுதி. ஆனால் அந்தப் பாதிக் காய்ச்சல் மிளகைச் சாக்கில் ஓர் இரவுக்கு மேல் வைக்கவே கூடாது.

சூரியக் கூடாரம்

இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் 200 மைக்ரான் புற ஊதா தாங்கும் பாலித்தீனோ பாலிகார்பனேட் தகடோ போர்த்தி, உள்ளே வலைத் தட்டுகள் அடுக்கிய கூடாரம் இது. வேளாண்மைப் பொறியியல் துறையின் சூரிய கூடார உலர்த்தித் திட்டத்தில் மானியம் உண்டு. கட்டத் தொடங்கும் முன்பே சேலத்திலுள்ள அலுவலகத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்கிவிடுங்கள்.

18 அடிக்கு 12 அடி கூடாரத்தில் நடைவழி போக இரண்டு அடுக்குத் தட்டுகளாக 30 சதுர மீட்டர் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 5, 6 கிலோ வைத்தால் ஒரு முறைக்கு 150 முதல் 180 கிலோ பச்சை மிளகு. கீழ்த்தட்டில் நிழல் விழுவதால் நாளுக்கு ஒரு முறை மேல், கீழ் மாற்ற வேண்டும். வெந்நீரில் முக்கிய மிளகு நல்ல வெயிலில் இரண்டரை, மூன்று நாளில் காயும். தூசி இல்லை, கோழி இல்லை, திடீர் மழைக்கு ஓட வேண்டியதில்லை.

கூடாரத்தில் மிளகு கெடுவதற்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றே: உள்ளே சூடு இருக்கிறது, ஈரம் வெளியே போக வழி இல்லை. சூடு மட்டும் போதும் என்று நினைத்து எல்லாப் பக்கமும் இறுக்கி மூடிவிடுகிறார்கள். பகலில் 60 டிகிரி, உள்ளே நீராவி, மேலே சொன்ன தைல அடுப்பு தயார். ராத்திரி அந்த நீராவி குளிர்ந்து பாலித்தீனில் படிகிறது. விடியலில் டார்ச் அடித்துப் பார்த்தால் கூரையின் உட்பக்கம் முழுக்கத் துளிகள். வளைவின் நடுவில் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, நடுத்தட்டு மிளகின்மேல் சொட்டுச் சொட்டாக விழும். மூன்றாம் நாள் நடுத்தட்டில் மட்டும் ஒரு கோடாகப் பூசணம் கட்டியிருந்தால் அது அந்தச் சொட்டின் வேலை.

இதைத் தடுக்கக் கீழே ஒரு பக்கம் முழு நீளத்துக்கும் ஒரு அடி திறப்பு விட்டுப் பூச்சிவலை கட்டுங்கள். எதிர்ப்பக்கம் மேலே இரண்டு வெளியேற்று விசிறிகள், சூரியத் தகட்டிலேயே ஓடுகிறவை. முதல் நாள் முழுக்க விசிறி ஓட வேண்டும். அந்த ஒரே நாளில்தான் பாதித் தண்ணீர் வெளியேறும். தட்டு மட்டத்தில் ஒரு வெப்பமானி தொங்கட்டும். 55 தாண்டினால் திறப்பைக் கூட்டுங்கள். கடைசி நாளில் 50 போதும். மாலை ஆறு மணி வரை விசிறியை ஓட்டி உள் ஈரத்தை விரட்டிவிட்டு, பனி இறங்கும் முன் திறப்பை மூடுங்கள். தட்டுகளின்மேல் பருத்தித் துணி விரித்தால் சொட்டும் தண்ணீரை அது குடித்துக்கொள்ளும்.

மூடுபனி மூன்று நாள் தொடர்ந்து நின்றால் கூடாரமும் கையை விரிக்கும். அதற்கு ஒரு துணைச் சூடு வேண்டும். கூடாரத்துக்கு வெளியே அடுப்பு வைத்து, புகை உள்ளே வராமல் குழாய் வழியாகச் சூட்டை மட்டும் கொண்டுபோகும் அமைப்பு.

விறகு உலர்த்தி, மின் உலர்த்தி

64 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க அடிப்படையில் 43 யூனிட் அளவு சூடு வேண்டும். விறகில் கிலோவுக்கு நாலு யூனிட் சூடு இருந்தாலும், குழாய் வழியாகக் காற்றைச் சூடாக்கும் உலையில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாக வேலைக்கு வராது. 100 கிலோ பச்சை மிளகுக்கு 35 முதல் 45 கிலோ காய்ந்த விறகு என்று கணக்கு வையுங்கள். சாதாரண மின் சூடேற்றியில் பாதிச் சூடு காற்றோடு வெளியே போகும், 85 யூனிட் வாக்கில் ஆகும். வெப்ப ஏற்றி என்கிற ஹீட் பம்ப் உலர்த்தி, வெளியேறும் ஈரக் காற்றின் சூட்டையே திரும்பப் பிடித்துப் பயன்படுத்துவதால் 32 முதல் 43 யூனிட்டில் முடித்துவிடும். விலைதான் கூடுதல்.

மணம் என்று பார்த்தால் ஹீட் பம்ப் முன்னால் நிற்கிறது. 45, 50 டிகிரியிலேயே உலர்ந்த காற்றைக் கொடுக்க முடியும். மழையோ மூடுபனியோ அதைத் தொடாது. சாதாரண மின் உலர்த்தியும் 55க்குள் பூட்டி வைத்தால் நல்ல மிளகைத் தரும். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று 70, 75க்குத் திருகுவதுதான் கெடுக்கிறது. அப்போது தோல் முதலில் இறுகி, உள் ஈரம் சிறைப்படும். ஈரமானி 11 காட்டும், நம்பி மூட்டை கட்டுவீர்கள். மூன்றாம் நாள் உள் ஈரம் தோலுக்கு வந்து மூட்டைக்குள் வியர்க்கும். அவசரம் என்றால் சூட்டைக் கூட்டாமல் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள், தட்டில் கனத்தைக் குறையுங்கள். எட்டு மணி நேரம் ஓட்டி, இரவு நிறுத்தி, மறுநாள் மீதியை ஓட்டினால் உள் ஈரம் தானாகவே வெளியே நகர்ந்து வந்திருக்கும், மின்சாரமும் மிச்சம்.

விறகு உலர்த்தியில் குழாய் ஓட்டை விழுந்தால் கதை முடிந்தது. புகை வாடை மிளகில் ஏறிவிட்டால் எடுக்க முடியாது, புகையோடு படியும் பொருட்கள் உடம்புக்கும் ஆகாது. ஆண்டுக்கு ஒரு முறை, அறுவடைக்கு முன், வெறும் உலையில் ஈரத்தழையைப் போட்டுப் புகைய விட்டு, தட்டு அறைக்குள் புகை வருகிறதா என்று பாருங்கள்.

உறைநிலை உலர்த்தி பச்சை நிறம் மாறாத பச்சை மிளகு விற்கிறவர்களுக்கு. கறுப்பு மிளகுக்கு அது தேவையே இல்லை.

மஞ்சளில் கணக்கே வேறு

மலையடிவாரத்தில் மஞ்சளும் காயவைக்கிறவர்கள் இரண்டுக்கும் ஒரே களம், ஒரே பழக்கம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. ஆத்தூர், கெங்கவல்லிப் பக்கத்து மஞ்சள் 45 முதல் 60 நிமிடம் வெந்து, நுரை கட்டி, குச்சி எளிதாக இறங்கும் பதத்தில் களத்துக்கு வரும். மிளகுக்கு மெல்லிசாகப் பரப்பு என்றோம்; மஞ்சளை மெல்லிசாகப் பரப்பினால் நிறம் வெளுக்கும். 5 முதல் 7 சென்டிமீட்டர் கனம் வேண்டும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் ஆவியாகாது, ஆனால் வெளிச்சம் பட்டால் அழியும் என்பதே காரணம். 10, 15 நாள் வெயில் ஆகிறதே என்று துண்டு துண்டாக நறுக்கிக் காயவைத்தால் சீக்கிரம் காயும்; வெட்டுவாய் வழியாக எண்ணெயும் போகும், நிறமும் மங்கும். முழு விரலாக, 60 டிகிரிக்கு மேல் போகாத சூட்டில் உலர்த்தியில் காய்ந்த மஞ்சள் நல்ல நிறத்தோடு நிற்கும்.

காய்ச்சல் பதம் பார்ப்பது

பச்சையிலேயே 1 கிலோ மிளகை எடைபோட்டு ஒரு வலைப்பையில் கட்டி, நடுத்தட்டில் மற்ற மிளகோடு வையுங்கள். அது 360 கிராமை நெருங்கும்போது முடிவு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். பச்சையின் ஈரத்தைப் பொறுத்து 340க்கும் 390க்கும் நடுவில் எங்கேயும் நிற்கலாம். ஒரு முழுப் பகல் காய்ந்தும் எடை இறங்காவிட்டால் காய்ச்சல் வந்துவிட்டது. பல்லில் வைத்துக் கடித்தால் படக்கென்று உடைந்து உள்ளே வெள்ளையாக மாவாக வேண்டும். நசுங்கினால் இன்னும் ஒரு நாள். உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு பிடி போட்டு மூடி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால், உட்பக்கம் ஆவி படியக் கூடாது. ஈரமானி வைத்திருப்பவர்கள் மிளகு ஆறிய பிறகே அளக்க வேண்டும். சூட்டோடு அளந்தால் கணக்குத் தப்பும்.

யாருக்கு எது

ஆண்டுக்கு 200, 300 கிலோ காய்ந்த மிளகு எடுக்கிறவர்கள் உலர்த்திக்குக் காசு போட வேண்டியதில்லை. வெந்நீர் முக்கும், மலைக் களமும், மழை பயமுறுத்தினால் சேலத்துக்கு இறக்கும் நடுவழியும் போதும். ஐந்நூறு கிலோவிலிருந்து ஒன்றரை டன் வரை என்றால் கூடாரம் போட்டுவிடுங்கள். மிளகு இறங்கும் முன், மார்கழியில் காபிப் பழத்துக்கும் அது உதவும் என்பதால் போட்ட காசு வீண் போகாது. ஒரே கூடாரத்தில் காபியும் மிளகும் ஒன்றாகக் காயவைக்காமல் இருந்தால் சரி. அதற்கு மேலே போகிறவர்களும், மணத்தைப் பார்த்து விலை தருகிற வாங்குபவரைப் பிடித்து வைத்திருப்பவர்களும் ஹீட் பம்புக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விறகு தோட்டத்திலேயே கிடைக்கிறது, மின்சாரம் நம்ப முடியவில்லை என்கிற இடத்துக்கு, புகை கலக்காத விறகு உலர்த்தி. நாலு தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒன்று வைப்பதும் நடக்கிற காரியம்தான். யாருடைய மிளகு என்றைக்கு என்று பறிப்புக்கு முன்பே நாள் குறித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பறித்த மிளகு முறைக்காகச் சாக்கில் காத்துக்கிடக்கும்.

காய்ந்த மிளகைச் சூடு ஆறும்வரை நிழலில் பரப்பிவிட்டு, உணவுத்தர பாலித்தீன் உறை போட்ட சாக்கில் கட்டி, மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள். உர மூட்டையும் மண்ணெண்ணெயும் அதே அறையில் இருக்கக் கூடாது. மிளகு வாடையை இழுத்துக்கொள்ளும். விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்கள் சரக்கை மழைக்காலத்து மலையில் வைக்காமல், வைகாசி முடிவதற்குள் சேலத்தில் ஓர் உலர்ந்த அறைக்கு இறக்கிவிடுங்கள்.